குக்கர் அண்ணாச்சி

"தம்பி, கட்டில் படம் எல்லாம் இருக்கட்டும். அடுப்பைக் காட்டு."

விடுமுறைக்கு வீடு தேடுகிறவர்களில் பல வகை உண்டு. சன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று பார்க்கிறவர்கள் ஒரு வகை. குளியலறையின் பளபளப்பைப் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. குக்கர் அண்ணாச்சி அடுப்பைப் பார்க்கிறவர். ஏரி, மலை, முந்நூறு வருஷத்துக் கல்சுவர், வாசலில் மேயும் ஆடு எல்லாவற்றையும் ஆள்காட்டி விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டுச் சமையலறைப் படத்தில் வந்து நிற்பார். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறும். இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்து, அடுப்பின் குமிழ் வரைக்கும் போய்விடுவார்.

அண்ணாச்சி ஒரே ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் தமிழர்கள் நாலு குடும்பம் சேர்ந்திருக்கிற ஊரில் எல்லாம் ஒருவர் இருக்கிறார். மில்டன் கீன்ஸில் இருக்கிறார், மான்செஸ்டரில் இருக்கிறார். பெயர் மாறும், குக்கரின் லிட்டர் மாறும். லண்டனுக்கு மேற்கே நாற்பது மைலில் இருக்கிற எங்கள் ரெடிங்குக்கு வாய்த்தவர் ஐந்து லிட்டர்.

அடுப்பின் மேல் அவருக்கு இந்த அக்கறை பிறவியிலேயே வந்ததில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் வேல்ஸ் கடற்கரையில் ஒரு வீடு எடுத்தோம். அண்ணாச்சியிடம் அப்போது இருந்தது கல்யாணச் சீராக வந்த அலுமினியக் குக்கர். அங்கே இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அந்த அடுப்பு பாத்திரமாகவே மதிக்காது. அண்ணாச்சி குக்கரை வைப்பார், அது கண் சிமிட்டும். எடுப்பார், நின்றுவிடும். மறுபடி வைப்பார். அரை மணி நேரம் இந்தப் பேச்சுவார்த்தை நடந்தது. அன்று ராத்திரி எல்லோரும் ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டோம். அண்ணாச்சி சாப்பிடவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்த வாரமே எவர்சில்வர் குக்கர் தேடக் கிளம்பினார். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த நெல்லையப்பர் காந்தப் படத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடையில் ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்து, சுவாமியை அடிப்பாகத்தில் வைத்துப் பார்ப்பார். எல்லா எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது என்பதை எங்களுக்கெல்லாம் அன்றைக்குக் கற்றுக்கொடுத்தவர் நெல்லையப்பர்தான். "நின்னுட்டாருன்னா வாங்கலாம்டே" என்றார் அண்ணாச்சி. நாலாவது குக்கரில் நின்றார்.

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு விடுமுறைக்கு என்ன குறை என்று ஊரில் கேட்பார்கள். சட்டப்படி இந்த நாட்டில் வருஷத்துக்கு 28 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் பொது விடுமுறை எட்டையும் முதலாளி கழித்துக்கொள்ளலாம். மிச்சம் 20. கம்பெனி மனசு வைத்தால் 25. அதில் முக்கால்வாசி ஊருக்கு. ஊருக்குப் போவது விடுமுறைக் கணக்கில் வருமா என்ன? பல் வைத்தியர், வங்கியில் கையெழுத்து, பட்டா மாறுதல், மூன்று கல்யாணம், விட்டுப்போன துஷ்டி இரண்டு. "ஊருக்குப் போறது டூட்டிடே. லீவு வேற, அது வேற" என்பார் அண்ணாச்சி. அந்த 'வேற'க்கு மிஞ்சுவது ஐந்து நாள். அந்த ஐந்து நாளைத்தான் குக்கரோடு செலவழிக்கிறோம்.

எப்போது போவது என்பதிலும் அண்ணாச்சிக்குக் கணக்கு உண்டு. அக்டோபரில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வாரம் லீவு. 'ஹாஃப் டெர்ம்' என்பார்கள். அந்த வாரம் மட்டும் வாடகை கொம்பு முளைத்து நிற்கும். முந்தின வாரமே பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போனால் பள்ளிக்கூடம் விடாது. இங்கிலாந்தில் அபராதம் பெற்றோர் ஒருவருக்கு, பிள்ளை ஒன்றுக்கு 80 பவுண்ட். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அண்ணாச்சி உறையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தார். இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர், 320 பவுண்ட். வாடகையில் மிச்சமாவது 400. "அபராதத்தைக் கட்டிட்டுப் போனாலும் 80 பவுண்ட் லாபம்லா!"

மதினி ஒரு பள்ளிக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறாள். "நான் வேலை பாக்குற பள்ளிக்கூடத்துலயே என் புள்ளைக்கு அபராதமா? 80 பவுண்டுக்கு மானத்தை விக்கப் போறீங்களா?" என்றாள். அண்ணாச்சி உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டார். ஹாஃப் டெர்மிலேயே போவது என்று முடிவானது.

போன அக்டோபரில் லேக் டிஸ்ட்ரிக்ட். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் ஏரியும் குன்றுமாகக் கிடக்கிற நாடு. கெஸ்விக் ஊருக்குத் தெற்கே போரோடேல் பள்ளத்தாக்கில் ஒரு கல்வீடு அகப்பட்டது. விளம்பரத் தமிழ் நமக்குப் பழக்கம்; 'குடியிருப்புப் பகுதிக்கு மிக அருகில்' என்றால் பஸ் இறங்கி நாலு மைல் நடக்க வேண்டும் என்று தெரியும். விளம்பர ஆங்கிலத்தை அண்ணாச்சிதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பார். 'கோஸி' என்று போட்டிருந்தால் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். 'பழமை மாறாதது' என்றால் வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய். நடுவில் கையைக் காட்டிக்கொண்டு நாம். 'அமைதியான சூழல்' என்றால் போனில் ஒரு கோடுகூட வராது.

ரெடிங்கிலிருந்து கெஸ்விக் ஏறக்குறைய 300 மைல். மூன்று கார், பதினோரு பேர். அண்ணாச்சி காரின் பின்பக்கத்தைத் திறந்தால் மளிகைக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் நிற்பது போலிருக்கும். பொன்னி அரிசி, துவரம்பருப்பு, அஞ்சறைப் பெட்டி, கட்டிப் பெருங்காயம், தேங்காய் துருவி, இட்லித் தட்டு, பச்சை நிறப் பிளாஸ்டிக் மக் ஒன்று. மக் எதற்கு என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் நடுவில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு குக்கர்.

இட்லி மாவு ஒரு பெரிய டப்பாவில் மதினியின் காலடியில் வந்தது. ரெடிங்கில் அக்டோபர் குளிரில் அந்த மாவு மூன்று நாள் கெஞ்சினாலும் எழும்பாது. காரில் ஹீட்டர் சூடு பட்டதும் அதற்கு உயிர் வந்துவிட்டது. ஸ்டாஃபோர்ட் தாண்டும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, எம்6 நெடுஞ்சாலையில் மணிக்கு எழுபது மைல் வேகத்தில் மதினியின் செருப்பை நனைத்தது. அண்ணாச்சிக்கு வருத்தத்தைவிடச் சந்தோஷம் அதிகம். "பாத்தியா, நம்ம மாவுல குத்தமில்ல. நாட்டுலதான்."

வழியில் நிறுத்தத்தில் வண்டி நிறுத்த இரண்டு மணி நேரம் இலவசம். அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புளியோதரைப் பொட்டலங்களை எடுத்தார். உள்ளே எட்டுக் கடை இருந்தது. நாங்கள் கார் டிக்கியில் சாய்ந்து நின்று, தூறலில், முட்டைப்பொரியலோடு சாப்பிட்டோம். பக்கத்துக் காரில் ஒரு நாய் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு இருந்த ரசனை அதன் சொந்தக்காரருக்கு இல்லை.

வாடகை வீட்டுக்குள் நுழைய மாலை நாலு மணி. வெளியேறக் காலை பத்து மணி. இது இங்கே பரவலான வழக்கம். வெள்ளிக்கு வெள்ளி ஏழு நாள் என்று காசு வாங்கிக்கொண்டு ஆறு மணி நேரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அண்ணாச்சியின் தீராத மனக்குறை. 168 மணி நேரத்துக்குக் கொடுத்து 162 மணி நேரம் இருக்கிறோமாம். இந்த முறை ஐந்து நாள்தான், ஆனாலும் பிடித்தம் அதே ஆறு. அதனால் மூன்றே முக்காலுக்கே வாசலில் போய் நின்று, நாலு அடிக்கிற நொடியில் சாவிப்பெட்டியின் எண்ணை அழுத்தினார்.

வீடு அழகுதான். நிலைப்படியில் 'தலை பத்திரம்' என்று பலகை. உத்தரங்கள் அவ்வளவு தாழ்வு. முதல் நாளே எங்களில் நாலு பேருக்கு நெற்றி புடைத்தது. ஐந்தடி மூன்றங்குல அண்ணாச்சி மட்டும் அந்த வீட்டை அவருக்காகவே கட்டினதுபோல நடமாடினார். மேசையில் வீட்டுக்காரர்கள் பாலும் தேயிலையும் ஒரு தட்டில் ஸ்கோனும் வைத்திருந்தார்கள். அண்ணாச்சி ஸ்கோனை ஒன்று பிட்டுப் பார்த்து, "நெய் போட்டா பிஸ்கோத்து ஆயிரும்" என்று சொல்லிவிட்டு அடுப்பிடம் போனார். பையிலிருந்து நெல்லையப்பர் வந்தார். குக்கர் அடியில் ஒட்டினார். அடுப்பு சிமிட்டவில்லை. அப்போதுதான் எங்களுக்குப் பெட்டிகளை இறக்க உத்தரவு கிடைத்தது.

தாளிப்பதற்கு முன் அண்ணாச்சி முறைப்பட்டியல் ஒன்று போடுவார். கூடமும் சமையலறையும் ஒன்றாகக் கிடக்கிற வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி தலைக்கு மேலேயே இருக்கும். கடுகு வெடித்து மிளகாய் வற்றல் கறுத்தால் அது கத்தும். கத்தினால் ஊர் முழுக்கக் கேட்கும். சிலர் அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிடுகிறார்கள். அது மகா தப்பு, தூங்கும்போது தீப்பிடித்தால் யார் எழுப்புவது? அண்ணாச்சி அதைச் செய்ய மாட்டார். அவர் ஏற்பாடு வேறு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒன்று நாற்காலியில் ஏறி, குளியல் துண்டைக் கருவிக்குக் கீழே விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று கதவைத் திறந்து திறந்து மூட வேண்டும். மதினி எண்ணெய் காயும்போது குரல் கொடுப்பாள்: "கடுகு!" துண்டு சுழலும். ஆலவட்டம் வீசுகிற மாதிரி இருக்கும். இங்கே பிறந்த அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுத வராது. ஆனால் 'தாளிக்கப் போறேன்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் தூக்கத்திலும் துண்டைத் தேடுவார்கள்.

பிறகு விசில். அந்தப் பள்ளத்தாக்கில் ஆறு மணிக்கு மேல் ஆடுகூடச் சத்தம் போடுவதில்லை. அந்த நிசப்தத்தில் ஐந்து லிட்டர் குக்கர் முதல் விசில் விட்டது. மலையில் மோதித் திரும்பி வந்தது. இரண்டாவது விசிலில் எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. மூன்றாவதில் கதவைத் தட்டினார்கள்.

எழுபது வயது இருக்கும், கையில் நாய்ச் சங்கிலியோடு ஒரு பெண்மணி. எல்லாம் நலம்தானே என்று கேட்டார். நலமில்லை என்றுதான் அவர் நினைத்து வந்திருக்கிறார். அண்ணாச்சி உள்ளே அழைத்துக் குக்கரைக் காட்டி, பருப்பு வேகும் விஞ்ஞானத்தை விளக்கி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் சாம்பாரும் கையில் கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலையில் டப்பா துடைத்துப் பளபளவென்று வாசல்படியில் இருந்தது. நன்றி என்று ஒரு சீட்டும் இருந்தது. மதினி டப்பாவைத் திறந்து பார்த்தாள். வெறுமையாக இருந்தது. கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது அந்தப் பெண்மணிக்கு எப்படித் தெரியும்? மதினி ஒரு கணம் யோசித்தாள். ஒரு கரண்டி சர்க்கரையைத் தானே அதில் போட்டு மூடி, "ஏங்க, சீனி போட்டுக் குடுத்திருக்காங்க" என்று அண்ணாச்சியிடம் நீட்டினாள். "நல்ல குடும்பம்" என்றார் அண்ணாச்சி. இதை நான் பார்த்தேன் என்று மதினிக்குத் தெரியும். இதுவரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஊர் சுற்றவும் போனோம். போகாமல் இருப்போமா? இரண்டு நாள் நல்ல மழை, மூன்று நாள் சாதாரண மழை. இங்கிலாந்தில் மனிதர் குடியிருக்கிற இடங்களில் அதிக மழை பெய்கிற சீத்வெயிட் அந்தப் பள்ளத்தாக்கிலேயேதான் இருக்கிறது. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டுச் சராசரி 1,000-த்தைத் தொடாது. இதை வீடு பதிவு செய்த பிறகுதான் படித்தேன். "குத்தாலச் சாரல்னு நெனச்சுக்கோ" என்றார் அண்ணாச்சி. இங்கிலாந்தின் உயரமான மலை ஸ்காஃபெல் பைக், 978 மீட்டர், பக்கத்தில்தான் மேகத்துக்குள் இருந்தது. ஏறலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். "நம்ம பொதிகை 1,868. இதுல பாதி மலைய ஏறி என்னத்த?" என்று அந்தப் பேச்சை முடித்தார். பொதிகையில் அவர் எப்போது ஏறினார் என்று யாரும் கேட்கவில்லை.

கிராஸ்மியரில் 1854-லிருந்து சாரா நெல்சன் பெயரில் விற்கிற இஞ்சி ரொட்டியைத் தின்று பார்த்து, இஞ்சி மொரப்பாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று தீர்ப்பளித்தார். அதே ஊரில் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த டவ் காட்டேஜைப் பார்க்கப் போனோம். ஒரு காலத்தில் சத்திரமாக இருந்த வீடு. கவிதையைப் பற்றி அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. "இந்தச் சின்ன வீட்டுல எத்தனை பேரு?" என்றார். கவிஞர், தங்கை, மனைவி, அங்கேயே பிறந்த மூன்று பிள்ளைகள், கோல்ரிட்ஜ் போல வந்துபோகிற விருந்தாளிகள். மாடியில் குளிர் தாங்காத ஓர் அறைக்கு அந்தத் தங்கை செய்தித்தாள்களைச் சுவரெல்லாம் ஒட்டிவைத்திருந்தார் என்று காட்டினார்கள். அண்ணாச்சி சுவரைத் தொடாமல் தடவிப் பார்த்தார். "நம்ம ஆளுதான்" என்றார். விருந்துக்கு வந்த வால்டர் ஸ்காட் அந்த வீட்டுக் கஞ்சி பிடிக்காமல் பக்கத்துச் சத்திரத்துக்கு நழுவுவார் என்று ஒரு கதை உண்டு. அதைச் சொன்னேன். "அப்ப யாரும் குக்கர் கொண்டு வரல, என்ன?" என்றார்.

அன்று ராத்திரி பாளையங்கோட்டை மாமாவுக்கு வீடியோவில் ஏரியைக் காட்டினோம். மாமா பார்த்துவிட்டு, "ஊட்டி மாதிரில்லா இருக்கு! இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணாச்சி, மாமா சொல்றதும் சரிதான். 300 மைல் வந்து நாமளும் சாம்பாரும் உருளைக்கிழங்கு பொரியலும்தான் சாப்பிடுறோம். இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்" என்றேன்.

அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்தார்.

"டே, ஊட்டி ஏன் இது மாதிரி இருக்கு? சல்லிவன்னு ஒரு துரை. கோயமுத்தூர் கலெக்டர். 1819-ல மலை ஏறிப் போனான். போனவன் தோடர் மாதிரி பால் குடிச்சிக்கிட்டா இருந்தான்? கல்வீடு கட்டினான், அவன் ஊரு ஏரி மாதிரி ஒரு ஏரியே வெட்டினான், அவன் ஊரு காய்கறி எல்லாம் நட்டான். இந்தா, நீ திங்கியே உருளைக்கெழங்கு, அதையும் அவன்தான் அங்க போட்டான். நான் ஒரு குக்கர்தானடா கொண்டு வந்தேன்!"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பொரியலை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் அந்த விபரீதம். வீட்டுக்காரர்களின் வெள்ளை ரப்பர் கரண்டி ஒன்றை யாரோ சாம்பாரில் விட்டுவிட்டார்கள். வெளியே எடுத்தபோது அது மஞ்சள் காப்பு கட்டியதுபோல இருந்தது. சோப்பு, எலுமிச்சை, சமையல் சோடா எதற்கும் மசியவில்லை. மஞ்சள் கறைக்கு ஒரே மருந்து வெயில். நாள் முழுக்க வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வாள். அண்ணாச்சி கரண்டியைச் சன்னல் விளிம்பில் வைத்தார். நாங்கள் பதினோரு பேரும் வானத்தைப் பார்த்தோம். மறுநாள் காலைவரை மழைதான் வந்தது. கடைசியில் அண்ணாச்சி கெஸ்விக் போய் அதே மாதிரி புதுக் கரண்டி ஒன்று வாங்கி மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு மன்னிப்புச் சீட்டும் எழுதினார். பழையதை வெயில் அடிக்கிற ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று பெட்டியில் போட்டுக்கொண்டார்.

கிளம்புகிற நாள் காலை ஐந்து மணிக்கே சன்னல்கள் எல்லாம் திறந்தாகிவிட்டது. பெருங்காயம் வெளியே போக வேண்டும், குளிர் உள்ளே வரட்டும். வந்த நாளில் இருந்ததைவிட வீடு சுத்தமாக இருந்தது. "தமிழன் தங்கிட்டுப் போனான்னு ஒரு சொல் வரக்கூடாது" என்று அடுப்பை மூன்றாம் முறை துடைத்துக்கொண்டிருந்தார். விருந்தினர் புத்தகத்தில் முன்னால் வந்தவர்கள் எல்லோரும் 'இனிமை, அமைதி' என்று எழுதி, கூடவே நாயின் பெயரைப் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி ஒரு பக்கம் முழுக்க எழுதினார்: அடுப்பு மிக நன்று. ஒரு வாளி வாங்கி வைக்கவும். வெளியேறும் நேரத்தை நண்பகல் ஆக்கலாம். நாய் இல்லாததால் கீழே குக்கரின் கம்பெனிப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரெடிங் வந்து சேர்ந்த ராத்திரி போன் வந்தது. "டே, வெயிட்டைக் காணோம்."

குக்கர் இருக்கிறது, மூடி இருக்கிறது, கேஸ்கட் இருக்கிறது. தலையில் வைக்கிற வெயிட் இல்லை. கழுவிச் சன்னல் விளிம்பில் காய வைத்தவன் நான்தான். கரண்டிக் கலவரத்தில் மறந்துவிட்டேன். வீட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதினேன்: சிறியது, கனமானது, கறுப்புப் பிடி, அடியில் ஓட்டை. அப்படி ஒன்றும் சமையலறையில் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அண்ணாச்சியிடம் மாற்று வெயிட் மூன்று உண்டு, அதனால் வீட்டில் பருப்பு வேகாமல் இல்லை. ஆனாலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார்.

பிப்ரவரியில் ஒரு நாள் கூப்பிட்டார். அந்த வீட்டின் விளம்பரத்தில் புதுப் படங்கள் போட்டிருக்கிறார்கள். வழக்கம்போல அடுப்பைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, ஏதோ தோன்றிக் கூடத்தையும் பெரிசாக்கியிருக்கிறார். கணப்புக்கு மேலே கல் மேடையில், பித்தளை மெழுகுவத்தித் தண்டுக்கும் பீங்கான் நாய்க்கும் நடுவில், எங்கள் வெயிட். நன்றாகத் துடைத்து, பழம்பொருள் போல நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"எழுதிக் கேட்கட்டுமா அண்ணாச்சி?"

"வேண்டாம்டே. கவுரவமால்லா இருக்கு."

வருகிற அக்டோபருக்கும் அதே வீட்டைத்தான் பதிவு செய்திருக்கிறோம். அதற்குள் அந்தப் பக்கம் போய்த் தங்குகிற தமிழர்கள் யாராவது இருந்தால், கணப்பின் மேல் அதைப் பார்த்துவிட்டு நம்ம ஊர்ச் சாமானாயிற்றே என்று பாசத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டாம். இந்தத் தடவை குக்கரை வெயிட் இல்லாமல்தான் கொண்டு போகிறோம்.